இரண்டு முழங்கைகள்: ஒரு நோ-போலும் அதற்குப் பிறகும்

"நோ-போல்", அதாவது செல்லாத பந்து, என்ற சத்தம் கேட்டதும் பையன் தன் காலைத்தான் குனிந்து பார்த்தான். கோட்டைத் தாண்டிவிட்டோமாக்கும் என்று நினைத்திருக்கிறான். அடுத்த பந்தைக் கோட்டுக்கு ஒரு சாண் பின்னாலிருந்தே போட்டான். மறுபடியும் நோ-போல். அப்போதுதான் எனக்கு உறைத்தது: கையை நீட்டியவர் விக்கெட்டுக்குப் பின்னால் நின்ற நடுவர் இல்லை, மட்டைக்காரனுக்குப் பக்கவாட்டில், ஸ்கொயர் லெக்கில் நின்றவர். அவர் பார்த்துக்கொண்டிருந்தது காலை அல்ல, முழங்கையை; பந்தை வீசாமல் எறிகிறானா என்று. மூன்றாவது தடவை சொன்னபோது எதிரணிப் பிள்ளைகள் இருந்த கொட்டகையிலிருந்து "எறியுறான்... எறியுறான்..." என்று ராகம் போட்டுக் கத்த ஆரம்பித்துவிட்டார்கள்.

நான் அன்று செய்தது இதுதான். ஓவர் முடிந்ததும் அணித்தலைவனுக்குச் சைகை காட்டி அவனை எடுத்துவிடச் சொன்னேன். பையனை எல்லைக்கோட்டுக்கு அனுப்பினார்கள். மிச்ச இன்னிங்ஸ் முழுக்க அவன் வலது கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு நின்றான். பந்து அவன் பக்கம் வந்தபோது இடது கையால்தான் தடுத்தான்.

நான் இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கத்தில் ஒரு தோட்டப் பாடசாலையில் உடற்கல்வி ஆசிரியர். அந்த ஒரு நாளையும், அதற்குப் பிறகு வந்த ஏழு வாரங்களையும் ஒழுங்காக எழுதி வைக்க வேண்டும் என்று வெகுநாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். பையன் பெயர் இங்கே தேவையில்லை.

பையனும் அவன் கையும்

அவனுக்கு அப்போது 15 வயது. அம்மா வெளிநாட்டில் வீட்டு வேலை. அம்மாவைப் பெற்ற அம்மாயிதான் வளர்ப்பு. அம்மாயி இன்னும் கொழுந்து எடுக்கப் போகிறார். ஏழு வயதில் லயத்துக்கு, அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு, பின்னால் இருந்த கொய்யா மரத்திலிருந்து விழுந்து வலது முழங்கையை உடைத்துக்கொண்டான். எலும்பு கூடியது, ஆனால் சரியாகக் கூடவில்லை. கையை எவ்வளவு நீட்டினாலும் முழங்கையில் ஒரு மடிப்பு நிற்கும். பிரார்த்தனைக் கூட்டத்தில் கைகளை முன்னால் நீட்டச் சொன்னால் அவன் வரிசை மட்டும் கோணலாகத் தெரியும்.

அந்தக் கையால் அவன் பந்தைச் சுழற்றியபோது தோட்டமே அவனுக்கு இலங்கையின் சுழல் வீச்சாளர் முரளிதரனை நினைத்து ஒரு பெயர் வைத்துவிட்டது: சின்ன முரளி. நானும்தான் அப்படிக் கூப்பிட்டேன். பாசத்தில் வைத்த பெயர், பிறகு அதுவே பிரச்சினையாகிவிட்டது.

போட்டி முடிந்து வரும்போது பஸ்ஸில் அவன் பக்கத்தில் உட்கார்ந்து, "முரளிக்கும் இப்படித்தான் செஞ்சாங்க, விடுடா. நீ கவலப்படாத" என்றேன். அவன் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தான். மறுநாளிலிருந்து மைதானத்துக்கு வருவதை நிறுத்திவிட்டான்.

ஆறுதலாகச் சொன்ன அந்த வார்த்தை உண்மையா என்று யோசித்துப் பார்த்தால், எனக்கே தெரியவில்லை. முரளிக்கு என்ன நடந்தது என்பது எங்கள் மலையில் எல்லாருக்கும் தெரியும். எப்படி நடந்தது என்று யாராவது கேட்டால்தான் தடுமாறுவோம். அதனால் முதலில் அந்தக் கதையை ஆதியிலிருந்து படித்தேன்.

முரளியின் பன்னிரண்டு ஓவர்கள்

முத்தையா முரளிதரன் 1972 ஏப்ரல் 17இல் கண்டியில் பிறந்தவர். தாத்தா 1920இல் தென்னிந்தியாவிலிருந்து தேயிலைத் தோட்டத்துக்கு வந்து, பிறகு ஊருக்கே திரும்பிப் போனவர். மகன் முத்தையா இங்கேயே நின்று பிஸ்கட் தொழிற்சாலை நடத்தினார். 1977 வன்செயலில் அந்தத் தொழிற்சாலையும் தப்பவில்லை. அப்போது முரளிக்கு ஐந்து வயது.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். முரளி லயத்துப் பிள்ளை இல்லை. தொழில் செய்யும் குடும்பம், கட்டுகஸ்தோட்டை புனித அந்தோனியார் கல்லூரி, நல்ல பயிற்றுநர். வேகப்பந்து போட்டுக்கொண்டிருந்த பையனை 14 வயதில் சுழலுக்கு மாற்றியவர் சுனில் பெர்னாண்டோ. எங்கள் பிள்ளைகளுக்கு அதில் எதுவும் கிடைப்பதில்லை. ஆனால் முழங்கை? அது பிறவியிலேயே முழுதாக நிமிராத முழங்கை. அந்த விஷயத்தில் யாருக்கும் சலுகை இல்லை.

1995 டிசம்பர் 26, மெல்பேர்ன். 55,000க்கும் மேற்பட்ட கூட்டம். நடுவர் டெரல் ஹெயார், பந்துவீச்சாளர் முனையில் நின்றுகொண்டே, மூன்று ஓவர்களில் ஏழு தடவை முரளி எறிகிறார் என்று நோ-போல் கொடுத்தார். எறிகிறான் என்று சொன்னால் கிரிக்கெட்டில் அது திருடன் என்று சொல்வதற்குச் சமம். அதுவரைக்கும் எல்லாருக்கும் தெரிந்த கதைதான்.

எனக்குத் தெரியாமல் இருந்தது அதற்குப் பிறகு நடந்தது. அணித்தலைவர் அர்ஜுன ரணதுங்க அவரை எடுத்துவிடவில்லை. முனையை மாற்றினார். இன்னொரு நடுவர் ஸ்டீவ் டன் நின்ற பக்கத்திலிருந்து முரளி மேலும் 12 ஓவர்கள் போட்டார். ஒரு நோ-போலும் வரவில்லை. மார்க் வோவின் விக்கெட்டும் கிடைத்தது. அன்றைய கணக்கு 18 ஓவர், 3 மெய்டன், 58 ஓட்டம், 1 விக்கெட்.

வெறும் கணக்காகப் பார்த்தால் சாதாரணம்தான். ஆனால் அந்தப் 12 ஓவர்களைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். 72 தடவை ஓடி வர வேண்டும். ஒவ்வொரு தடவையும் கை மேலே போகும்போது, இப்போது சத்தம் வருமா என்று காது முன்னால் ஓடும். கையோ தன்னிச்சையாகச் சுருங்கப் பார்க்கும். அந்த நிலையில் நீளம் பிசகாமல் போட்டு, ஒரு பெரிய மட்டைக்காரரை ஆட்டமிழக்கவும் செய்ய வேண்டும். 23 வயதில். என்னைக் கேட்டால் முரளியின் 800 விக்கெட்டுகளிலும் பெரியது அந்தப் பன்னிரண்டு ஓவர்கள்தான்.

நம்பிக்கை என்பதை அவர் ஒருவருக்குள் இருந்த ஏதோ சக்தி என்று சொல்வதில் எனக்கு உடன்பாடு இல்லை. அன்று பந்தைத் திரும்பக் கையில் கொடுத்த ஒருவர் இருந்தார். நான் என் பையனிடமிருந்து பந்தை வாங்கிவிட்டேன். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் படித்த இரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை.

மிச்சத்தை வேகமாகச் சொல்கிறேன். பத்து நாள் கழித்து, 1996 ஜனவரி 5இல் பிரிஸ்பேனில் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராக நடுவர் ரோஸ் எமர்சன் மறுபடியும் நோ-போல். முரளி தன் வழக்கத்துக்கு மாறாக மறுபக்கம் திரும்பும் லெக் பிரேக் போட்டுப் பார்த்தார், அதற்கும் நோ-போல். மேற்கு அவுஸ்திரேலியப் பல்கலைக்கழகத்திலும் ஹொங்கொங் அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலும் கை அளக்கப்பட்டது. எறிவது போலத் தெரிவது ஒரு கண்மயக்கம் என்ற முடிவோடு சர்வதேசக் கிரிக்கெட் சபையான ஐ.சி.சி. அனுமதித்தது. 1999 ஜனவரி 23இல் அடிலெயிட்டில் அதே எமர்சன், அதே நோ-போல். ரணதுங்க அணியையே எல்லைக்கோடு வரை கூட்டிப் போனார். ஆட்டம் நின்று, மறுபடி தொடங்கி, இங்கிலாந்தின் 302ஐத் துரத்தி இலங்கை ஒரு விக்கெட்டால் வென்றது. 2004இல் போட்டி மத்தியஸ்தர் கிறிஸ் புரோட், வழக்கமான சுழல் போலவே தோன்றி மறுபக்கம் திரும்பும் முரளியின் 'தூஸ்ரா'வைப் பற்றி முறைப்பாடு செய்தார். மறுபடியும் ஆய்வுகூடம்.

எண்ணிப் பார்த்தேன். குற்றம் சொன்ன ஒவ்வொரு தடவையும் அவர் அளக்கும் இடத்துக்குப் போயிருக்கிறார். உடம்பில் அடையாளப் புள்ளிகளை ஒட்டி, சுற்றிலும் கமராக்களை வைத்து, பந்து பந்தாகப் போடச் சொல்லி அளந்திருக்கிறார்கள். 2004இல் இங்கிலாந்தில், முழங்கை அசையவே முடியாதபடி உலோகக் கம்பி வைத்த உறையைக் கையில் மாட்டிக்கொண்டு, கமரா முன்னால் தன் எல்லாப் பந்துகளையும் போட்டுக் காட்டினார்.

இந்தியாவிலிருந்து தோட்டங்களுக்கு வந்தவர்களின் வழிவந்த எங்கள் ஆட்களுக்கு இந்த 'நிரூபி' என்ற சொல் பழக்கம்தான். 1948 குடியுரிமைச் சட்டம், தகப்பன் இந்த மண்ணில் பிறந்ததற்குக் கடதாசி கேட்டது. 1964இல் இரண்டு நாட்டுப் பிரதமர்கள், சிறிமாவும் சாஸ்திரியும், கையெழுத்துப் போட்டு யார் இங்கே, யார் அங்கே என்று ஆட்களை எண்ணிப் பிரித்தார்கள். கடைசிக் கணக்கு முடியும்போது 2003 ஆகிவிட்டது. அதனால் முரளியை அளந்த செய்தி வரும்போதெல்லாம் லயத்துத் திண்ணைகளில் ஒரு கோபம் எழும்பும். 'எங்களை மட்டும் ஏன் அளக்கிறார்கள்?' அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் கோபத்தோடு கோபமாக அவர் போய் அளந்துகொண்டார் என்பதை நாங்கள் மறந்துவிடுகிறோம்.

சட்டம் கேட்பது வேறு

இங்கேதான் என் ஆறுதல் வார்த்தை சறுக்கியது. கை மடங்கியிருக்கிறதா என்று கிரிக்கெட் சட்டம் கேட்பதே இல்லை. கை தோள் உயரத்துக்கு வந்ததிலிருந்து பந்து விரலை விட்டுப் போகும் வரைக்கும் முழங்கை நிமிர்கிறதா என்பதுதான் கேள்வி. மடங்கிய கை மடங்கியபடியே சுற்றி வந்தால் குற்றமில்லை. மடங்கியது நிமிர்ந்தால் எறி.

ஆய்வுகூடத்தில் அளந்து பார்த்தபோது பெரும்பாலான பந்துவீச்சாளர்களுக்குக் கொஞ்சமாவது நிமிர்வது தெரியவந்தது. நேரான கை என்று எல்லாரும் சத்தியம் செய்த வேகப்பந்துக்காரர்களுக்கும்தான். முன்பு சுழலுக்கு 5 பாகை, மிதவேகத்துக்கு 7.5, வேகத்துக்கு 10 என்று தனித்தனி வரம்பு இருந்தது. 2005 மார்ச் முதலாம் திகதியிலிருந்து எல்லாருக்கும் ஒரே வரம்பு, 15 பாகை. முரளியின் தூஸ்ரா முதலில் 14 பாகை காட்டியது, பிறகு 10.2க்கு இறக்கினார். அப்போதைய 5 பாகை வரம்பில் அதுவும் அதிகம் என்பதால் சர்வதேசப் போட்டிகளில் அதை வீசக்கூடாது என்று உத்தரவு வந்தது. முரளிக்காகவே சட்டத்தை வளைத்தார்கள் என்று இன்றும் சிலர் சொல்வார்கள். பழைய வரம்பில் நின்றிருந்தால் அவரோடு சேர்ந்து எத்தனை பேர் வீட்டுக்குப் போயிருப்பார்கள் என்று அவர்கள் எண்ணுவதில்லை.

சரி, என் பையனுக்கு வருவோம். அவன் கை கோணல் என்பதால் அவன் நிரபராதி ஆகிவிட மாட்டான். கோணல் கையும் எறியலாம். "முரளி மாதிரி" என்று நாங்கள் எல்லாரும் சொன்னது அவன் கையின் தோற்றத்தைப் பார்த்துத்தான். கை அசைவதை யாரும் பார்த்ததில்லை. நான் உட்பட.

பெரட்டுக் களத்தில் ஒரு சோதனை

இரண்டு வாரம் கழித்து வீட்டுக்குப் போனேன். அம்மாயி பிளேன்டீ ஊற்றிக் கொடுத்துவிட்டு, "புள்ள சரியா சாப்பிடுறதில்லைங்க சார். கைய யாருக்கும் காட்ட மாட்டேங்கிறான்" என்றார். அவன் காம்பராவுக்குள்ளிருந்து வெளியே வரவில்லை. நான் திண்ணையிலிருந்தே பேசினேன். "நான் அன்னிக்குச் சொன்னது தப்பு. ஒன் கை எறியுதா இல்லையான்னு எனக்குத் தெரியாது. ஒனக்கும் தெரியாது. பார்த்துருவமா?" என்றேன். கொஞ்ச நேரம் பதில் இல்லை. பிறகு உள்ளேயிருந்து, "எறிஞ்சா?" என்றான். "எறிஞ்சா மாத்துவோம்" என்றேன்.

எங்கள் மைதானம் ஒரு பக்கம் சரிவு, அடித்த பந்து தேயிலைக்குள் போனால் அட்டைகளோடுதான் திரும்பி வரும். அதனால் ஞாயிற்றுக்கிழமை காலையில், தொழிலாளர்கள் வேலைக்குக் கூடும் பெரட்டுக் களத்தில், சீமெந்துத் தரையில் சோதனை. சாமான் இவ்வளவுதான்: வயரிங் செய்யும் பிளாஸ்டிக் குழாய் ஒரு முழம், நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, அவன் முழங்கையின் மடிப்புக்கு ஏற்ப நெருப்பில் வாட்டி வளைத்தது. உள்ளே பழைய துவாய். மேலே கட்டுத்துணி. தவிர என் போன்.

போனில் மெதுவாக ஓட்டிப் பார்ப்பது போதாதா என்று கேட்கலாம். போதாது. மடங்கிய கை தோளில் சுழலும்போது, ஒரு பக்கத்திலிருந்து மட்டும் பார்த்தால் அது நிமிர்வது போலவே தெரியும். முரளி விஷயத்தில் ஹெயாரின் கண்ணும் ஆய்வுகூடக் கமராக்களும் முரண்பட்ட இடம் அதுதான். ஒரு போனை வைத்துக்கொண்டு நான் இன்னொரு ஹெயார் ஆக விரும்பவில்லை.

கட்டுப் போடாமல் 12 பந்து, கட்டுப் போட்டு 12 பந்து. அவன் வழக்கமாகச் சுழற்றும் ஓவ் பிரேக் பாதி, அவனுடைய வேகமான தட்டைப் பந்து பாதி. அன்றைக்கு நோ-போல் கொடுத்த மூன்றும் எந்தப் பந்து என்று அவனுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. மூன்றும் தட்டைப் பந்து.

கட்டோடு போட்ட ஓவ் பிரேக் ஆறும் விழுந்த இடமும் திரும்பிய விதமும் முன்பு போலத்தான் இருந்தன. சீமெந்தில் பந்து 'சுர்ர்' என்று கடித்துத் திரும்பியது. ஆனால் தட்டைப் பந்து? முதல் பந்து பாதி வழியிலேயே குத்தியது. இரண்டாவது கையை விட்டே நழுவியது. மூன்றாவதுக்கு ஓடி வந்தவன் பந்தை விடாமலே நின்றுவிட்டான். கட்டைத் தடவிக்கொண்டே சொன்னான்: "சார், இது எறியத்தான் பாக்குது."

குழாயின் பாரத்தால் வேகம் குறைந்திருக்காதா? நல்ல கேள்வி. அதே பாரத்தோடு ஓவ் பிரேக் குறையவில்லை என்பதுதான் பதில். முழங்கை உதவாமலே அவனால் சுழற்ற முடிந்தது. முழங்கை உதவாமல் வேகம் கூட்ட முடியவில்லை. இது ஆய்வுகூட அளவு இல்லை, எத்தனை பாகை என்று என்னால் சொல்ல முடியாது. எங்களுக்கு வேண்டிய அளவுக்குத் தெரிந்தது: அந்த நடுவர் சரியாகத்தான் பார்த்திருக்கிறார்.

இதைச் சொல்லக் கஷ்டமாகத்தான் இருந்தது. ஊரில் அநியாயம் செய்துவிட்டார்கள் என்ற கதை அதற்குள் நன்றாக வேரூன்றிவிட்டது. அந்தக் கதையில் பையனுக்கும் ஒரு மரியாதை இருந்தது. அதைப் பிடுங்கிவிட்டு என்ன கொடுப்பது? ஆனால் விசித்திரம், குழாயைக் கழற்றியபோது அவன் முகம் தெளிந்திருந்தது. 'ஒன் கையே தப்பு' என்று கேட்டுவிட்டு வந்தவனுக்கு 'ஒரே ஒரு பந்துதான் தப்பு' என்று தெரிந்தது பெரிய விடுதலையாக இருந்திருக்க வேண்டும்.

ஏழு வாரம்

தட்டைப் பந்தை நிறுத்தினோம். அவன் ஏன் எறிந்தான் என்று பார்த்தால், ஓட்டம் மூன்றே எட்டு, இடது கை மேலே போகாமல் வயிற்றோடு ஒட்டிக்கொள்ளும், இடுப்பு திரும்பாது. வேகம் வேண்டுமென்றால் முழங்கையைத் தவிர அவனுக்கு வேறு வழியே இல்லை. ஓட்டத்தை ஆறு எட்டாக்கினோம். இடது கையை உயரத் தூக்கி, அதைக் கீழே இழுக்கும்போது உடம்பே சுற்றும்படி பழக்கினோம். தினமும் குழாய் கட்டி 30 பந்து, கட்டில்லாமல் 20 பந்து. மழை பெய்தால் வகுப்பறை வராந்தாவில் டென்னிஸ் பந்து.

மூன்றாவது வாரம் எல்லாம் கெட்டுப்போனது. ஓவ் பிரேக்கும் வரவில்லை. உடம்பு புதிதாகத் திரும்பியதில் நீளம் பிசகி, எங்கள் எட்டாம் வகுப்புப் பையன்களே அவனைத் தூக்கி அடித்தார்கள். அந்த வாரத்தில் ஒரு நாள் அவன் குழாயைச் சரிவில் வீசிவிட்டுப் போனான். மறுநாள் காலையில் அம்மாயி அதைக் கொழுந்துக் கூடைக்குள் போட்டுக் கொண்டுவந்து பாடசாலை வாசலில் வைத்துவிட்டுப் போயிருந்தார். மலைக்குப் போனவருக்குத் தேயிலைக்குள் கிடைத்ததாம். அவனிடம் ஒன்றும் சொல்லவில்லை. அவனும் ஒன்றும் கேட்காமல் எடுத்துக் கட்டிக்கொண்டான்.

அந்த நாட்களில் நான் அவனுக்கு முரளியின் வெற்றிகளைச் சொல்வதை விட்டுவிட்டேன். 2010இல் காலி மைதானத்தில் நடந்ததை மட்டும் ஒருமுறை சொன்னேன். இந்தியாவுக்கு எதிரான முதல் டெஸ்டோடு ஓய்வு என்று முன்கூட்டியே அறிவித்தபோது முரளியிடம் இருந்தது 792 விக்கெட். ஒரே போட்டியில் எட்டு வேண்டும். முதல் இன்னிங்ஸில் ஐந்து. இரண்டாவதில் இரண்டு எடுத்த பிறகு ஒன்று மிச்சம், அந்த ஒன்று வரவே மாட்டேன் என்றது. கடைசி விக்கெட் ஜோடி நின்று ஆடியது. ஜூலை 22, கடைசியில் பிரக்யான் ஓஜா, மஹேலவின் கைக்குப் பிடி. பையன் கேட்டது ஒன்றே ஒன்று: "அந்த ஒண்ணு வராத நேரத்துல அவரு வேற மாதிரி போட்டுப் பார்த்தாரா சார்?" எனக்குப் பதில் தெரியவில்லை. போட்டுக்கொண்டே இருந்தார் என்று மட்டும் சொன்னேன்.

அம்மாயியின் நேர்த்தி

இதற்கிடையில் அம்மாயி தன் பங்குக்கு மாத்தளை முத்துமாரியம்மனுக்கு நேர்ந்திருந்தார். பிள்ளை மறுபடி மைதானத்துக்குப் போனால் கை உருவத் தகடு போடுவதாக. நான் இதைக் கேட்டு உள்ளுக்குள் சிரித்தேன், ஒப்புக்கொள்கிறேன். என் குழாய்க்கும் அவருடைய தகட்டுக்கும் சம்பந்தம் இல்லை என்று நினைத்தேன். பிறகு கூட்டிக் கழித்துப் பார்த்ததில், சரிவில் கிடந்த குழாயைப் பொறுக்கிக்கொண்டு வந்தது என் பயிற்சித் திட்டம் இல்லை. 'இந்தப் பிள்ளை திரும்பிப் போவான்' என்று ஏற்கெனவே கடன் வைத்துவிட்ட ஒரு மனுஷி.

எட்டாவது வாரம் ஒரு சிநேகபூர்வப் போட்டி. நடுவர் வேறு ஆள்தான், ஆனாலும் முதல் பந்துக்கு ஓடி வரும்போது பையன் ஸ்கொயர் லெக்கைத் திரும்பிப் பார்த்ததை நான் கவனித்தேன். பந்து விழுந்தது. சத்தம் இல்லை. ஏழு ஓவர் போட்டான். ஒரு விக்கெட், ஒரு பிடி நழுவியது, கடைசி ஓவரில் இரண்டு சிக்ஸர் வாங்கினான். அப்போது தலைவன் என் பக்கம் பார்த்தான், எடுத்துவிடவா என்று. நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். நாங்கள் 31 ஓட்டத்தால் தோற்றோம்.

மாசி மகத்துக்கு அம்மாயி மாத்தளைத் தேருக்குப் போனபோது நானும் குடும்பத்தோடு போயிருந்தேன். கோயில் வாசல் கடையில் வாங்கிய தகடு, விரல் நீளத்துக்கு ஒரு சின்னக் கை. விறைப்பாக, ஒரே நேராக அச்சடித்தது. உண்டியலில் போடுவதற்கு முன்னால் அம்மாயி அதைப் படிக்கட்டு ஓரத்தில் வைத்துக் கட்டை விரலால் அழுத்தி, முழங்கை இருக்கும் இடத்தில் மெல்ல வளைத்தார்.

"ஏன் அம்மாயி வளைக்கிற?" என்றான் பையன்.

"நேரா குடுத்தா வேற யாரோ புள்ள கைன்னு நெனச்சுக்குவா ஆத்தா" என்றார்.